வக்காலத்து வாங்குகிறேன், ஆமாம்

போன இதழின் இந்தச் சட்டக் கேள்வி பதில் பகுதியில், தடைசெய்யப்பட்ட ஓர் அமைப்பின் பாட்டை அலைபேசியில் பகிர்ந்த ஒரே காரணத்துக்காக ஒருவரை மாதக்கணக்கில் சிறையில் வைத்திருப்பது சரியல்ல என்று இரண்டு வரி எழுதினேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்களே இந்த இதழுக்குப் போதும். பாதிப் பேர் திட்டியிருக்கிறார்கள். அதில் இருவரின் கையெழுத்து மிக அழகு. பாகப்பிரிவினை பற்றியும் திரும்பி வந்த காசோலை பற்றியும் கேட்டவர்கள் ஒரு முறை பொறுத்துக்கொள்ளுங்கள்.

குண்டு வைத்தவன் குற்றவாளி. அவன் செய்தது சரி என்று பேசுகிறவன் அவனைவிட ஆபத்தானவன். இருவரையும் ஒரே அறையில் அடைக்காமல், கருத்துச் சுதந்திரம் என்று வக்காலத்து வாங்குகிறீர்களே?
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்)

வக்காலத்து வாங்குவது என் தொழில், ஐயா. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதில்தான் வீட்டு அடுப்பு எரிகிறது.

நீங்கள் தலைமையாசிரியராக இருந்தவர் என்பதால் உங்களுக்குப் பழக்கமான ஒரு வழக்கையே எடுத்துக்கொள்கிறேன். மைதானத்தில் கல் பறந்து வந்து ஒரு பையனின் மண்டை உடைகிறது. எறிந்தவன் ஒருவன். கல்லைப் பொறுக்கிக் கொடுத்தவன் ஒருவன். 'அதோ நிற்கிறான், அவன்மேல் எறி' என்று காட்டியவன் ஒருவன். எல்லாம் முடிந்தபின் 'நன்றாக வேண்டும் அவனுக்கு' என்று சொன்னவன் ஒருவன். தூரத்தில் நின்று சிரித்தவன் ஒருவன். ஐந்து பேருக்கும் ஒரே எண்ணிக்கையில்தான் பிரம்படி கொடுத்தீர்களா? கொடுத்திருக்கமாட்டீர்கள். யார் என்ன செய்தான் என்று தனித்தனியாக அழைத்து விசாரித்திருப்பீர்கள். நான் கேட்பதும் அந்த விசாரணையைத்தான்.

'உபா' என்று நாம் சொல்லும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, பயங்கரவாத அமைப்புக்கு ஆதரவு தருவதைக் குற்றமாக்குகிறது. பத்து ஆண்டு வரை சிறை. கூட்டம் ஏற்பாடு செய்வதும் அதில் வரும், ஆதரவு திரட்டக் கூட்டத்தில் பேசுவதும் வரும். ஆனால் அந்தப் பிரிவின் தொடக்கத்திலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது: அமைப்பின் நடவடிக்கையை வளர்க்கும் நோக்கத்தோடு அதைச் செய்திருக்கவேண்டும். பிரிவோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த 'நோக்கம்' என்ற சொல்லைத் தாண்டிக் குதித்துவிட்டு மீதியைப் படிக்கிறவர்களோடுதான் சண்டை.

பேசுகிறவன் சில நேரம் குண்டு வைத்தவனைவிட ஆபத்தானவன் என்பதை மறுக்கமாட்டேன். தன் பிள்ளையை வெளிநாட்டில் படிக்க வைத்துவிட்டு ஊரான் பிள்ளையைச் சாகச் சொல்லும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வக்காலத்தைத் திருப்பிக் கொடுத்ததும் உண்டு. அந்த மனிதர் மேடையில், அரசுத் தரப்பு சாட்சி ஒருவரின் பெயரைச் சொல்லி, அவருடைய மகள் எந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்பதையும் சொல்லியிருந்தார். மிரட்டல் வார்த்தை ஒன்றுகூட இல்லை. பள்ளியின் பெயர் மட்டும்தான். அதைக் கருத்து என்று வாதாட எனக்கு நாக்கு எழவில்லை.

அரசியல் சட்டத்தின் 19(2)ஆம் உறுப்பில் 'பயங்கரவாதம்' என்ற சொல்லே இல்லையே. பிறகு எந்த அடிப்படையில் பேச்சைத் தண்டிக்கிறார்கள்?
(சட்டக் கல்லூரி மாணவி ஒருவர்)

சொல் இல்லை, இடம் இருக்கிறது. இறையாண்மையும் ஒருமைப்பாடும், நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, குற்றம் செய்யத் தூண்டுதல் ஆகிய நான்கும், பேச்சுரிமையை அரசு கட்டுப்படுத்தக்கூடிய காரணங்களைச் சொல்லும் அந்தப் பட்டியலில் உள்ளன. பயங்கரவாதச் சட்டங்கள் இவற்றின் தோளில்தான் ஏறி நிற்கின்றன. வெளிநாட்டு நட்புறவு, ஒழுக்கநெறி, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு என்ற மற்ற நான்கை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

இந்தப் பட்டியல் வளர்ந்த கதையில் நம் பழைய மதராஸ் மாகாணத்துக்குப் பங்கு உண்டு. பம்பாயிலிருந்து வந்துகொண்டிருந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற வார இதழை மாகாணத்துக்குள் வரக்கூடாது என்று மதராஸ் அரசு தடுத்தது. இதழை நடத்திய ரொமேஷ் தாப்பர் நேராக உச்ச நீதிமன்றம் போனார். 1950இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 'பொது ஒழுங்கு' என்ற காரணம் அப்போது 19(2)இல் இல்லை, இல்லாத காரணத்தைச் சொல்லிப் பத்திரிகையைத் தடுக்க முடியாது என்றார்கள். அடுத்த ஆண்டே முதல் திருத்தம் வந்து அந்தக் காரணத்தைச் சேர்த்துவிட்டது. கூடவே, கட்டுப்பாடு என்ற சொல்லுக்கு முன்னால் 'நியாயமான' என்ற அடைமொழியும் வந்தது. என்னைப் போன்றவர்கள் இன்றுவரை பிழைப்பது அந்த ஒரு சொல்லை வைத்துத்தான்.

'இறையாண்மையும் ஒருமைப்பாடும்' 1963இல் பதினாறாவது திருத்தமாக உள்ளே வந்தது. அன்று திராவிட நாடு கேட்டுக்கொண்டிருந்த தி.மு.க.வின் நினைவு இல்லாமல் அதை எழுதியிருக்கமாட்டார்கள். அண்ணா பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டார். கோரிக்கை போய்விட்டது, திருத்தம் போகவில்லை. திராவிட நாடு என்ற பெயரையே கேள்விப்படாதவர்களையும் அது இன்று கட்டுப்படுத்துகிறது.

தேர்வுக்காகக் கேட்கிறாய் என்றால் இன்னும் இரண்டு வழக்குகளைப் படித்துவை. 1989இல் ரங்கராஜன் வழக்கு. இடஒதுக்கீட்டை விமர்சித்த ஒரு தமிழ்ப் படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. பேச்சுக்கும் ஆபத்துக்கும் உள்ள நெருக்கம், வெடிமருந்துப் பீப்பாயில் விழுந்த தீப்பொறி போல இருக்கவேண்டும் என்றது. அடுத்தது 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கு. இணையத்தில் புண்படுத்தும் பதிவுகளைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவைத் தூக்கி எறிந்த தீர்ப்பு. ஒன்றைப் பற்றி விவாதிப்பது, அதை ஆதரித்து வாதிடுவது, அதைச் செய்யத் தூண்டுவது என மூன்று படிகளைப் பிரித்து, மூன்றாவது படியில்தான் அரசு கை வைக்கலாம் என்கிறது. கேட்கிறவருக்குக் கசந்தாலும் முதல் இரண்டு படிகள் நம்முடையவை.

பொடாவில் வைகோ கைதானபோது நான் பள்ளி மாணவன். தடைசெய்யப்பட்ட இயக்கத்தை ஆதரித்துப் பேசினால் குற்றமே இல்லை என்று அந்த வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டதாக நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?
(தனியார் நிறுவன ஊழியர் ஒருவர்)

பாதி உண்மை. பாதி உண்மையை நம்பி மேடை ஏறியவர்களை நான் சிறைப் பார்வையாளர் வரிசையில் நின்று சந்தித்திருக்கிறேன்.

2002 ஜூன் 29 அன்று திருமங்கலம் பொதுக்கூட்டத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்து வைகோ பேசினார். 1992 மே மாதத்திலிருந்து இந்தியாவில் தடைசெய்யப்பட்ட இயக்கம் அது. பேச்சை முடித்துவிட்டு அமெரிக்கா போனவர், ஜூலை 11 அன்று திரும்பி வந்து சென்னையில் விமானத்தை விட்டு இறங்கியதும் கைது. அப்போது அவர் சிவகாசித் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் மசோதா அதே ஆண்டு மார்ச் மாதம் இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தில் நிறைவேறியபோது அவருடைய கட்சி ஆளும் கூட்டணியில் இருந்தது, மசோதாவை ஆதரித்தது. நான்கு மாதம்கூட ஆகவில்லை. இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. சட்டம் எழுதும்போது எல்லோருக்கும் மனக்கண்ணில் வேறு யாரோ ஒருவனின் முகம்தான் தெரிகிறது. வேலூர்ச் சிறையில் அவர் ஏறத்தாழ 19 மாதங்கள் இருந்தார்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2003 டிசம்பர் 16 அன்று வந்தது. பொடா செல்லும் என்றது. அதே மூச்சில், அதன் 20, 21, 22ஆம் பிரிவுகளின்படி ஒருவரைத் தண்டிக்க, பயங்கரவாதச் செயலை ஊக்குவிக்கும் அல்லது அதற்கு உதவும் நோக்கம் அவருக்கு இருந்திருக்கவேண்டும் என்றும் சொன்னது. தார்மிக ஆதரவை வாயால் சொல்வது மட்டும் போதாது. அதன் பிறகுதான் ஜாமீன் கிடைத்தது. 2004இல் பொடா போய், அதன் சரக்கில் பெரும்பகுதி உபாவுக்கு இடம் மாறியபோது, 'நோக்கம்' என்ற சொல் 39ஆம் பிரிவின் முகப்பிலேயே எழுதப்பட்டது.

ஆக, உங்கள் நண்பர் சொல்வதில் பாதி தேறுகிறது. மீதியைக் கேளுங்கள். 2009இல் பேசிய வேறொரு பேச்சுக்காக அதே வைகோவுக்குத் தேசத்துரோகப் பிரிவில் 2019 ஜூலையில் ஓராண்டு சிறையும் 10,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது என்பது வேறு. பேசுகிறவர் ஒருவராகவே இருந்தாலும் பிரிவு மாறினால் முடிவு மாறும்.

உறுப்பினராக இருப்பது இன்னும் தனிக் கணக்கு. வெறும் உறுப்பினராக இருப்பது குற்றமாகாது என்று 2011இல் அரூப் புயான் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு சொன்னது. 2023 மார்ச்சில் மூவர் அமர்வு அதைத் தவறு என்று மாற்றிவிட்டது. தடைசெய்யப்பட்ட சங்கம் என்று தெரிந்தும் அதில் தொடர்ந்தால் அதுவே தண்டனைக்குரியது. ஆதரவு விஷயத்தில் மட்டும் பழைய பாதுகாப்பு இருக்கிறது. கோழிக்கோட்டில் துண்டறிக்கைகளும் புத்தகங்களும் வைத்திருந்ததாக 2019இல் கைதான இரண்டு மாணவர்களின் வழக்கில், தொடர்பும் ஆதரவும் மட்டும் போதாது, நோக்கம் தெரியவேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் மறுபடி சொன்னது.

மேடையில் ஒருவர் என்ன பேசினார் என்பதை நீதிமன்றத்தில் எப்படி நிரூபிக்கிறார்கள்?
(இளம் நிருபர் ஒருவர்)

இப்போது எல்லாக் கூட்டத்திலும் பத்து அலைபேசிகள் பதிவு செய்கின்றன. நான் தொழிலுக்கு வந்த காலத்தில் சுருக்கெழுத்துக் காவலர் ஒருவர் மேடைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து எழுதுவார். அவர் எழுதியது தமிழில் விரியும், பிறகு ஆங்கிலத்துக்குப் போகும். வழக்குத் தொடர அனுமதி தரும் அதிகாரி பல நேரங்களில் ஆங்கிலத்தைத்தான் படிப்பார். ஆபத்து அந்தக் கடைசிப் பயணத்தில் இருக்கிறது.

நான் வழக்கு நடத்திக் கொடுத்த கட்சிக்காரர் ஒருவர் நடுத்தர வயதுக்காரர், பேச்சாளர் என்று சொல்லிக்கொள்வார். நான்கு கூட்டத்துக்கு மேல் யாரும் அழைத்ததில்லை. ஓர் இரங்கல் கூட்டத்தில் அவர் பேசியதாகத் தமிழ்ப் பிரதியில் இருந்த வரி: 'அந்தப் பிள்ளைகள் சிந்திய ரத்தம் சும்மா விடாது.' தமிழ் தெரிந்த எவருக்கும் இது என்னவென்று தெரியும். பாவம் பழி வாங்கும், தர்மம் கேட்கும் என்று பாட்டிகள் மண்ணை வாரித் தூற்றும் வகைப் பேச்சு. ஆங்கிலப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். அதைத் திரும்பத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'ரத்தம் சிந்தாமல் அவர்களைச் சும்மா விடமாட்டோம்.'

சாபம் சபதமாகிவிட்டது. ரத்தம் செத்தவர்களுடையது என்பது மாறி, இனி சாகப் போகிறவர்களுடையது என்று ஆகிவிட்டது. 'மாட்டோம்' என்று ஒரு கூட்டமும் எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொண்டது. அனுமதி ஆணையில் மேற்கோளாக இருந்தது இந்த வரிதான்.

குறுக்கு விசாரணையில் அந்தச் சுருக்கெழுத்துக் காவலரிடம் இரண்டு வரிகளையும் படித்துக் காட்டி, எது அவர் காதில் விழுந்தது என்று கேட்டேன். நேர்மையான மனிதர். முதல் வரிதான் என்றார். அப்படியானால் இரண்டாவது எப்படி வந்தது என்றேன். 'மொழிபெயர்ப்பு நான் இல்லை, அம்மா. நான் எழுதிக் கொடுத்ததோடு சரி' என்றார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அரசு வழக்கறிஞரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகவே இந்தத் தொழிலில் இருக்கலாம். என் கட்சிக்காரர் அதற்குள் பதினான்கு மாதம் உள்ளே இருந்துவிட்டார். வெளியே வந்ததும் அவர் என்னிடம் முதலில் கேட்டது, மற்றபடி பேச்சு எப்படி இருந்தது என்றுதான்.

நீங்கள் நிருபர் என்பதால் ஒரு வேண்டுகோள். கூட்டச் செய்தி எழுதும்போது, பேசியவர் சொன்னதை அவர் சொன்னபடியே மேற்கோளில் போடுங்கள். 'ஆவேசமாகப் பேசினார்' என்பதெல்லாம் எங்களுக்குப் பயன்படாது.

என் மகனுக்கு 19 வயது. தடைசெய்யப்பட்ட இயக்கத் தலைவர் ஒருவரின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தான். காவல் நிலையத்திலிருந்து நேரில் வரச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் அழித்துவிடலாமா என்று கேட்கிறான். எனக்குத் தூக்கம் இல்லை.
(ஒரு தாய்)

அழிக்கவேண்டாம், சகோதரி. முதலில் அவனிடம் இதைச் சொல்லிவிட்டு மீதியைப் படியுங்கள். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் தானே போய்விடும், ஆனால் யாரோ ஒருவர் அதைப் படம் பிடித்து வைத்திருப்பதால்தான் அழைப்பே வந்திருக்கிறது. இப்போது அழித்தால், இல்லாத குற்றத்துக்குச் சாட்சியத்தை மறைத்த குற்றம் துணைக்கு வரும்.

வாய்மொழியாக அழைத்திருந்தால் எழுத்தில் அறிவிப்பு கேளுங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3)ஆம் பிரிவு அதற்காகவே இருக்கிறது. தனியாக அனுப்பாதீர்கள், வழக்கறிஞர் கூடப் போகட்டும். அலைபேசியை வாங்கினால், கைப்பற்றியதைப் பதிவு செய்யும் மகஜரில் அதன் அடையாள எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கூடாது. ஒருவேளை கைது என்றால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். நியூஸ்கிளிக் என்ற செய்தி இணையதளத்தின் ஆசிரியர்மேல் போட்ட உபா வழக்கில், எழுத்தில் காரணம் தராத கைது செல்லாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஒரு படம், அதன்கீழே ஒன்றும் எழுதவில்லை, யாரையும் எதற்கும் அழைக்கவில்லை, பணம் திரட்டவில்லை என்றால் 39ஆம் பிரிவு நிற்பது கடினம் என்பது என் கருத்து. 1984 அக்டோபர் 31, இந்திரா காந்தி கொல்லப்பட்ட அதே நாளில், சண்டிகரில் ஒரு திரையரங்கின் முன்னால் 'காலிஸ்தான் ஜிந்தாபாத்' என்று கத்தியவர்களையே உச்ச நீதிமன்றம் விடுதலை செய்திருக்கிறது. ஓரிரு முறை கத்தினார்கள், கேட்டவர்கள் யாரும் அசையவில்லை, அதற்குமேல் எதுவும் இல்லை என்பதுதான் காரணம். ஆனால் அந்த விடுதலை வந்த ஆண்டு 1995.

நான் கவலைப்படுவது இந்த இடைவெளியைப் பற்றித்தான். உபா போட்டுவிட்டால், குற்றச்சாட்டுக்கு முகாந்திரம் இருக்கிறது என்று நீதிபதி கருதும்வரை 43டி(5)ஆம் பிரிவு ஜாமீன் கதவைச் சாத்தி வைத்திருக்கும். குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவே 180 நாள் வரை அவகாசம் நீட்டிக்கலாம். விசாரணை முடியும் என்ற நம்பிக்கை இல்லாமல் ஆண்டுக்கணக்கில் உள்ளே இருப்பவருக்கு இந்தத் தடையை மீறியும் ஜாமீன் தரலாம் என்று 2021இல் நஜீப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த நஜீப் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்தபின் வந்த தீர்ப்பு அது. அதனால்தான் முதல் நாளே வழக்கறிஞர் என்கிறேன்.

இன்னொன்று. காவல் நிலையம் போவதற்கு முன் மகனோடு உட்கார்ந்து, அந்தப் படத்தை எதற்கு வைத்தாய் என்று கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள். அவன் சொல்லும் காரணம் அதிகாரிக்குத் தெரிவதற்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

தேசத்துரோகச் சட்டம் ஒழிந்துவிட்டது என்கிறார்களே, இனி பயமில்லாமல் பேசலாமா?
(சிறு வணிகர் ஒருவர்)

தேசத்துரோகத்துக்கான பழைய தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவு 2024 ஜூலை 1 முதல் இல்லை. அதன் காலி நாற்காலியில், புதிய தண்டனைச் சட்டமான நியாய சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு உட்கார்ந்திருக்கிறது. பழையதில் ஆயுள் அல்லது மூன்று ஆண்டு வரை. புதியதில் ஆயுள் அல்லது ஏழு ஆண்டு வரை. 'துரோகம்' என்ற சொல் போய்விட்டது என்பது உண்மை.

அமெரிக்காவில் எதை வேண்டுமானாலும் பேசலாம், நாம்தான் பின்தங்கியிருக்கிறோம் என்கிறான் அங்கே வேலை பார்க்கும் என் தம்பி.
(வங்கி ஊழியர் ஒருவர்)

உங்கள் தம்பி 1969ஆம் ஆண்டு பிராண்டன்பர்க் தீர்ப்போடு நின்றுவிட்டார். உடனடியாக ஒரு குற்றம் நடக்கும்படித் தூண்டினால் ஒழிய, வன்முறையைப் புகழ்ந்தாலும் தண்டிக்க முடியாது என்பது அது. உண்மைதான், தாராளம்தான்.

2010இல் வந்த இன்னொரு தீர்ப்பை அவரிடம் சொல்லுங்கள், தமிழர்களுக்கு அதில் பங்கு உண்டு. அமெரிக்கா பயங்கரவாதப் பட்டியலில் வைத்திருந்த குர்திஸ்தான் தொழிலாளர் கட்சிக்கும் விடுதலைப் புலிகளுக்கும் அமைதிப் பேச்சு நடத்தவும் சர்வதேசச் சட்டத்தைப் பயன்படுத்தவும் சொல்லிக் கொடுக்க விரும்பிய சிலர், அது குற்றமாகுமா என்று கேட்டு வழக்குப் போட்டார்கள். வழக்குத் தொடுத்தவர்களில் அமெரிக்கத் தமிழ் அமைப்புகளும் இருந்தன. ஆகும் என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. தனியாக நின்று நீ என்ன வேண்டுமானாலும் புகழலாம்; அமைப்போடு சேர்ந்து சண்டையை நிறுத்தச் சொல்லிக் கொடுத்தால் அது பயங்கரவாத அமைப்புக்குப் 'பொருள் உதவி' என்ற குற்றம். எனக்கு இந்தத் தர்க்கம் இன்றுவரை தொண்டையில் இறங்கவில்லை.

ஐரோப்பா இன்னும் கறார். 2001 செப்டம்பர் தாக்குதல் நடந்த இரண்டாம் நாள் அதைக் கொண்டாடும் தொனியில் படம் போட்ட ஒரு கேலிச்சித்திரக்காரருக்கு பிரான்ஸ் 1,500 யூரோ அபராதம் விதித்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2008இல் அது சரி என்றது. பிரிட்டனில் 2025 ஜூலையில் 'பாலஸ்தீன் ஆக்‌ஷன்' அமைப்பு தடைசெய்யப்பட்டது. அடுத்த மாதம் லண்டனில் ஒரே நாளில் 500 பேருக்கு மேல் கைதானார்கள். பெரும்பாலோர் செய்தது ஆதரவு அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான். அதில் தாத்தா பாட்டிகள் ஏராளம்.

வாஞ்சிநாதன் பெயரில் ரயில் நிலையம் வைத்திருக்கிறோம். ஒரு கலெக்டரைச் சுட்டவரைப் போற்றுவது மட்டும் பயங்கரவாத ஆதரவு ஆகாதா?
(வரலாற்று ஆர்வலர் ஒருவர்)

மழுப்பாமல் பதில் சொல்லவேண்டிய கேள்வி. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில், மனைவியோடு ரயில் பெட்டியில் உட்கார்ந்திருந்த ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்டார். கொலைதான். அன்றைய சட்டத்தில் மட்டுமல்ல, எந்தச் சட்டத்திலும் கொலை. அப்படிச் சொல்லும் உரிமை, அவரைத் தியாகி என்று சொல்லும் உரிமை, இரண்டும் ஒரே ஊரில் இருக்கவேண்டும் என்பது என் வாதம்.

வெள்ளைக்காரன் அன்று செய்ததையும் பாருங்கள். 1908இல் முசாபர்பூரில் ஒரு நீதிபதிக்கு வைத்த குறி தவறி, குண்டில் இரண்டு ஆங்கிலேயப் பெண்கள் இறந்தார்கள். திலகர் தம் 'கேசரி' இதழில், குண்டு ஏன் பிறந்தது, அடக்குமுறைக்கு அதில் என்ன பங்கு என்று எழுதினார். ஆறு ஆண்டு, மாண்டலே சிறை. அதே ஆண்டு ஜூலையில் இங்கே திருநெல்வேலியில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள், மொத்தம் நாற்பது ஆண்டு, மேல்முறையீட்டில் குறைந்தது. சுப்பிரமணிய சிவாவுக்குப் பத்து ஆண்டு. வ.உ.சி. குண்டு வைக்கவில்லை. கப்பல் விட்டார், பேசினார், சிவாவுக்குச் சோறும் இடமும் கொடுத்தார். அவர் பேசியதற்கு ஓர் ஆயுள், சிவாவுக்கு இடம் கொடுத்ததற்கு இன்னோர் ஆயுள்.

1908இன் தண்டனைகள் 1911ஐத் தடுத்தனவா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். நான் அதற்கு மேல் போகவில்லை. காரணத்தை விளக்குகிறவனையும் கல்லை எடுத்துக் கொடுக்கிறவனையும் ஒரே வண்டியில் ஏற்றிய அரசுக்கு, பின்னால் உண்மையில் கல்லோடு வருகிறவன் யார் என்று தெரியாமல் போய்விடுகிறது.

பாடப் புத்தகத்தில் வாஞ்சியைப் புகழும் வரிக்கு இன்று யாரும் சாகப் போவதில்லை. அதே வரியை, இன்று பதவியில் இருக்கும் ஒரு கலெக்டரின் வீட்டு வாசலில், கோபத்தில் கூடிய முப்பது பேரிடம் சொன்னால் நானே அரசுத் தரப்பில் சாட்சி சொல்வேன்.

என் அண்ணன் ஒரு குண்டுவெடிப்பில் இறந்தார். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் குண்டு வைத்தவர்களைத் தியாகிகள் என்று யாராவது எழுதுகிறார்கள். உங்கள் இரண்டு வரியைப் படித்தபின் அன்று எனக்கு வேலை ஓடவில்லை. எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகி)

உங்கள் கடிதத்துக்கான பதிலை நான்கு முறை எழுதி நான்கு முறையும் கிழித்தேன்.

சட்டத்தில் இருப்பதை முதலில் சொல்கிறேன். அந்தப் பதிவு உங்கள் குடும்பத்தை மிரட்டினால், இன்னொரு முறை செய்யச் சொன்னால், ஓர் அமைப்புக்கு ஆள் சேர்த்தால், அது குற்றம். புகார் கொடுங்கள், வாங்க மறுத்தால் எனக்கு எழுதுங்கள். வழக்கு நடந்தால், பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் ஒவ்வொரு கட்டத்திலும் உங்கள் பக்கத்தைச் சொல்ல உரிமை உண்டு என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஜாமீன் மனு விசாரணையிலும் நீங்கள் எழுந்து நிற்கலாம். பலருக்கு இது தெரியாது.

'தியாகி' என்று எழுதியதற்காக மட்டும், வேறெதுவும் இல்லாமல், ஒருவரைச் சிறைக்கு அனுப்பச் சொல்வீர்களா என்று என்னைக் கேட்டால், மாட்டேன் என்றுதான் சொல்வேன். உங்களிடம் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வேறு விதமாகச் சொன்னால் அது உங்களுக்காகச் சொன்ன பொய்யாக இருக்கும்.

பல ஆண்டுகளுக்கு முன், இதே போன்ற ஒரு பேச்சு வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புக்கு நான் ஆஜரானேன். வாய்தாவுக்கு வாய்தா ஓர் அம்மா வந்து பின்வரிசைப் பெஞ்சில் உட்காருவார். மடியில் ஒரு துணிப்பை. யாருடைய உறவினர் என்று எனக்கு முதலில் தெரியவில்லை. என் வாதம் முடிந்த அன்று, தாழ்வாரத்தில் என்னை நிறுத்தினார். மகனைக் குண்டில் பறிகொடுத்தவர் என்று அப்போதுதான் தெரிந்தது. திட்டப் போகிறார் என்று நினைத்து நின்றேன்.

'அவர் பேசின பேச்சு முழுக்க உங்களிடம் இருக்கிறதல்லவா? அதில் எங்கேயாவது என் பையன் பெயரைச் சொன்னாரா, அம்மா?' என்று கேட்டார்.

முப்பத்திரண்டு பக்கம். நான் மூன்று முறை படித்திருந்தேன். இல்லை என்றேன்.

'சரி' என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.